பயந்த கால்

காலையில் லீனாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது எங்கள் காரை மூன்று பேர் சேர்ந்து ஓட்டுவோம். ஸ்டீயரிங்கும் பெடலும் என் வீட்டுக்காரர் பெல்காசத்தின் பொறுப்பு. வலது பக்கம் என் பொறுப்பு. இடது பக்கம், பின் சீட்டில் முட்டி போட்டு நிற்கும் ஏழு வயது லீனாவின் பொறுப்பு.

“இடது பக்கம் ஒரு தாத்தா, கைல ரொட்டி,” என்பாள் அவள்.

“வலது பக்கம் ஸ்கூட்டர்,” என்பேன் நான்.

“தெரியுது, தெரியுது,” என்பார் அவர், தலையைத் திருப்பாமல்.

தெரியாது. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை நாலா பக்கமும் சுருங்கி, குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் அவரிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் யானை வந்தாலும் தெரியாது. நான் கான்ஸ்டன்டைன் நகரத்தில், பாப் எல் கந்தரா பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அவருடைய சொட்டு மருந்தை எடுத்து வருவதும் நான், இரவில் இமையைப் பிரித்து விடுவதும் நான். அந்த மருந்து மிச்சமிருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பெற்ற பிள்ளையை தினமும் அந்த வண்டியில் ஏற்றினேன்.

ஏன் ஏற்றினாய் என்று கேட்பது சுலபம். பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் மேட்டுக்கு பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நடந்து போகலாம் என்று ஒருநாள் சொன்னேன். நான் உயிரோடு இருக்கும்போது என் பிள்ளை நடப்பாளா என்று அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவில்லை. முப்பது வருஷம் பாலைவன எண்ணெய்க் கிணறுகள் வரை லாரி ஓட்டிய மனிதர். மணல் காற்றில் ரோடே தெரியாதபோதும் ஓட்டியவர். கண் பரிசோதனைக்குப் பிறகு கம்பெனி அவரை லாரியிலிருந்து இறக்கிவிட்டது. சொந்தக் காரிலிருந்து இறக்க எவராலும் முடியவில்லை.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். நான் லைசன்ஸ் எடுத்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவதாக லீனாவின் தலையில் கை வைத்துச் சொன்னார். நாற்பத்தி இரண்டு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த கதை இதுதான்.

ஸ்கூல் நடத்துகிறவன் லக்தர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. கான்ஸ்டன்டைனில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பான். இந்த ஊரில் சமதளம் என்று ஒன்று இருந்தால் அது பாலத்தின் மேல்தான் இருக்கும். அதனால் அவனுடைய பாடத்தில் முக்கால்வாசி பெல்வியூ ஏற்றத்தில்தான் நடந்தது. அதற்கு அவனிடம் ஒரு மந்திரம் இருந்தது.

“கிளட்ச மெதுவா விடுங்கக்கா. மூக்கு தூக்கும். அப்ப ஆக்சிலேட்டர் மேல ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு மிதிங்க. முட்டை ஒடையக் கூடாது. ஒடையாம மிதிச்சிட்டு ஹேண்ட்பிரேக்க எறக்குங்க.”

நான் முட்டை உடையாமல் மிதித்தேன். வண்டி மூக்கைத் தூக்கும், ஒரு நடுக்கம் நடுங்கும், அணைந்துவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்வேன், திரும்ப அணையும். பத்துக்கு நாலு தடவை இப்படி. லக்தர் நெற்றியில் அடித்துக்கொள்வான். அவன் உட்கார்ந்து எடுத்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். என்னைக் கண்டால் மட்டும் செத்துப் போகும்.

பெல்காசம் எல்லாப் பாடத்துக்கும் வருவார். ஏற்றத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, தொப்பியை முட்டியில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்ப்பார். பார்ப்பார் என்றால் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருப்பார்.

முதல் தேர்வில் ஏற்றத்தில் அணைந்தது. வண்டி பின்னால் உருள, லக்தர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தான். அதிகாரி ஒரு கோடு போட்டார், முடிந்தது. இரண்டாவது தேர்விலும் அதே ஏற்றம், அதே நடுக்கம், அதே கோடு. இரண்டு தடவையும் என் வீட்டுக்காரர் எனக்கு ஜவ்ஸியா மிட்டாய் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னார். பரவாயில்லை யமீனா, அவசரம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடுமா என்று. கல்யாணமான புதிதில்கூட அவர் என்னிடம் அவ்வளவு பதமாகப் பேசியதில்லை. அந்த மிட்டாயைத் தின்றுகொண்டே நான் அழுதேன். இரவில் கட்டிலில் உட்கார்ந்து என் வலது காலை நானே அறைந்துகொண்டேன். மறுநாள் காலையில் மறுபடியும் மூன்று பேரும் காரை ஓட்டினோம்.

கடையில் மருந்துச் சீட்டைப் படிக்கும்போது காதில் பிரேக் சத்தம் கேட்கும். ஆம்புலன்ஸ் போனால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். ஒருநாள் சந்தை முக்கில் லீனா தும்மினாள். அந்த ஒரு தும்மலில் இடது பக்கம் விட்டுப்போய், ஒரு தள்ளுவண்டியின் ஆரஞ்சுப் பழமெல்லாம் ரோட்டில் ஓடியது. அன்றைக்கு அவள் “சாரிப்பா, நான் சொல்லல” என்று அழுதாள். ஏழு வயதுக் குழந்தை மன்னிப்புக் கேட்டது. அன்றே முடிவு செய்தேன், மூன்றாவது தேர்வில் பாஸாகாமல் வீடு திரும்புவதில்லை என்று.

அடுத்த பாடத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பயந்த சுபாவம். அவளும் முட்டையை மிதித்தாள், வண்டி நடுங்கி அணைந்தது. அவளுக்குப் பிறகு ஒரு கசாப்புக்காரர். எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். லக்தர் சொன்ன எதையும் காதில் வாங்காமல் ஒரே மிதி. வண்டி உறுமிக்கொண்டு சிகரத்துக்கே போய்விட்டது. லக்தர் அவரைத் திட்டினான். நான் பெஞ்சின் ஓரத்தில் நின்று யோசித்தேன். சொன்னபடி கேட்கிறவர்களுக்கு அணைகிறது. கேட்காதவர்களுக்கு ஓடுகிறது. இதென்ன நியாயம்?

லக்தரிடம் போய், கோளாறு காரில்தான் இருக்கிறது என்றேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அக்கா, இதே கார்ல ஊர்ல பாதிப் பேருக்கு நான் லைசன்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேன்.”

“மீதிப் பாதிக்கு என்னாச்சு?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கிறவளோடு வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். தலைவலி மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் நான் லக்தரின் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்கானிக் மசூதிடம் காட்டுவோம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டான். வினோதம் என்னவென்றால், பெஞ்சில் இருந்த என் வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார். எதற்கு மசூதுக்கு வேலை வைக்கிறாய், இன்னும் கொஞ்சம் பழகு, கால் தானாகப் படியும் என்றார். என்மேல் அவருக்கு நம்பிக்கை என்று நினைத்து எனக்கு அப்போது மனசு இளகியது.

மசூதின் கடை பால்மா என்ற பகுதியில், ஒரு சரிவுச் சந்தின் நடுவில் இருக்கிறது. லக்தர் ஸ்கூல் காரில் முன்னால் போக, நாங்கள் எங்கள் காரில் பின்னால் போனோம். என் வீட்டுக்காரர் ஓட்டிய லாரிகளை இருபது வருஷம் பார்த்தவன் அவன். எங்களைக் கண்டதும் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அவரை அணைத்துக்கொண்டான். நாற்காலி போட்டான், கொண்டைக்கடலைக் கிண்ணம் வரவழைத்தான். அதற்குப் பிறகுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு உட்கார முடியவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மசூத் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். விர்ரென்றது. திரும்ப மிதித்தான், திரும்ப விர்ரென்றது. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, கோளாறு என்று எதுவும் ஏறவில்லை என்றான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், சுத்தம். காற்று போகிற வழியைத் துடைத்தான். பெட்ரோல் அழுத்தம் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. சந்தின் சரிவில் வண்டியை நிறுத்தி ஏற்றத்தில் எடுத்தான். ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது.

“நான் எடுக்கறேன்,” என்றேன்.

நான் உட்கார்ந்தேன். கிளட்ச், மூக்கு, முட்டை. நடுங்கி அணைந்தது. மசூத் உட்கார்ந்தான், ஓடியது. நான் உட்கார்ந்தேன், அணைந்தது.

லக்தர் இரண்டு கையையும் விரித்தான். “நான் சொன்னா கேக்கல. கார் இல்லக்கா, கால்.”

மருந்துக் கடையில் பத்துப் பேர் நடுவில் வாய் பேசுகிறவள், மூன்று ஆண்கள் நடுவில் என் வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கால் என்னுடையது. வேறு கால் கிடையாது. இந்தக் காலை வைத்துக்கொண்டு என் பிள்ளையை நான் எப்படிக் காப்பாற்றுவேன் என்று நினைத்தேன்.

மசூத் லக்தரின் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஜன்னலில் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எழுந்திருக்க வேண்டாம் என்றான். உள்ளே போய் சாமான்களைப் புரட்டி, முள் வைத்த ஒரு பழைய மீட்டரை எடுத்து வந்தான். அதன் கண்ணாடியில் கீறல். இப்போதெல்லாம் எண் காட்டுகிற மீட்டர்தான் எல்லாரிடமும் இருக்கிறது, எண் மாறி முடிப்பதற்குள் கோளாறு கடந்து போய்விடும், முள் பொய் சொல்லாது என்று சொல்லிக்கொண்டே முன் மூடியைத் திறந்து ஏதோ ஒரு ஒயரில் அதை மாட்டினான். இஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னான்.

“இப்ப மிதிங்க யமீனாக்கா. பரீட்சைல மிதிச்சீங்களே, அதே பயத்தோட.”

பயப்படு என்று சொன்னால் பயம் வருமா? முதல் தடவை நன்றாகவே மிதித்துவிட்டேன். மசூத் வேண்டாம் என்று தலையாட்டினான். நான் கண்ணை மூடி அந்த அதிகாரியையும் அவர் கையிலிருந்த பேனாவையும் நினைத்தேன். ஆரஞ்சுப் பழம் ஓடிய ரோட்டை நினைத்தேன். கால் தானாக நடுங்க ஆரம்பித்தது. முட்டை கனத்துக்கு மிதித்தேன்.

“நிறுத்துங்க,” என்றான் மசூத். “அங்கயே வச்சிருங்க. எடுக்காதீங்க.”

லக்தர் எட்டிப் பார்த்தான். முள் கொஞ்சம் ஏறி, சட்டென்று பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. இன்னும் ஒரு மயிரிழை மிதிக்கச் சொன்னான். முள் துள்ளி எழுந்து ஒழுங்காக ஏறியது. திரும்பக் குறைத்தேன், அதே இடத்தில் திரும்ப விழுந்தது.

மசூத் அந்த ஒயர் போய்ச் சேர்கிற சின்னப் பெட்டியைக் கழற்றி எடுத்து, மூடியைப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தான். தீப்பெட்டி அளவுதான். உள்ளே பிறை வடிவத்தில் ஒரு கறுப்புப் பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டு போகிற ஒரு சின்ன நாக்கு.

“இஞ்சினுக்குள்ள காத்து போற வாசல்ல ஒரு கதவு இருக்கு. நீங்க மிதிச்சா தொறக்கும். எவ்வளவு தொறந்திருக்குன்னு வண்டியோட கம்ப்யூட்டர் மூளைக்குச் சொல்ற சென்சார் இது. இங்க பாருங்க, ஆரம்பத்துல ஒரு எடம் மட்டும் தேஞ்சு வெள்ளையாயிருக்கு. நாக்கு அங்க நின்னா பேச்சு வராது. கதவு மூடியிருக்குன்னு மூளை நெனச்சு பெட்ரோலக் குறைச்சிடும். ஏத்தத்துல அந்த நேரம் பாத்துக் குறைச்சா வண்டி அணையத்தான் செய்யும். நான் மிதிச்சா அந்த எடத்த ஒரே தாவுல தாண்டிருது. அதான் எனக்குத் தெரியல.”

“ஏன் அந்த எடம் மட்டும் தேஞ்சிருக்கு?” என்று லக்தர் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வருஷக்கணக்காக, ஆயிரக்கணக்கான தடவை, ஊரில் பாதிப் பேரின் காலை அவன் அதே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறான். அவனுடைய முட்டைதான் அந்தப் பட்டையைத் தின்றிருக்கிறது.

நான் வண்டியிலிருந்து இறங்கி என் காலைத் தரையில் ஊன்றி நின்றேன். நல்ல கால். ஒரு குறையும் இல்லாத கால். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சந்து முனையைப் பார்த்து நின்றிருந்தார். மசூதும் அவரைப் பார்த்தான். அவன் விகல்பமில்லாமல்தான் கேட்டான். “அண்ணே, தெருமுனைல லாரி வரும்போதே எந்த வால்வு தட்டுதுன்னு சொல்லுவீங்களே. இவ்வளவு நாளா அங்க பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. இது கேக்கலியா?”

“வயசாச்சு மசூது,” என்றார் அவர். “காதும் போச்சு.”

பொய். நான் சற்று முன் ஏற்றத்தில் எடுத்தபோது கண்ணாடி வழியாக அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன். இஞ்சின் அணைவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் அவர் தோள் ஒருமுறை குறுகியது. இரண்டாவது தடவையும் குறுகியது. அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை. இப்போது மிட்டாயும் ஆறுதலும் அவசரமில்லை என்ற பேச்சும் வரிசையாக வந்து நின்றன.

வேறு சென்சார் வாங்கிப் போட்டுவிடுவதாக லக்தர் என்னென்னவோ சொன்னான். எதுவும் என் காதில் ஏறவில்லை. எங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் வண்டியை எடுத்தார். லீனா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்படி நாங்கள் இருவர் மட்டும் போகும்போது இரண்டு பக்கமும் நான்தான் சொல்வேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால் தெரியாது. கோபத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. அவரும் கேட்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

எங்கள் மேட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில், வலது பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் தலையில் தட்டோடு இறங்கினாள். பொது அடுப்புக்கு ரொட்டி மாவு கொண்டுபோகிறவள். நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. வேகம் குறையவே இல்லை. என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, கைதான் போனது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டி வழுக்கி, குலுங்கி, அவள் பாவாடை உரசுகிற தூரத்தில் நின்றது. தட்டு விழுந்து மாவு உருண்டைகள் ரோட்டில் பரவின.

அவள் பேனட்டில் ஓங்கி அறைந்தாள். “யோவ், கண்ணு என்ன குருடா?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஜன்னலை இறக்கினார்.

“ஆமாம்மா,” என்றார். “குருடுதான்.”

அந்தப் பெண் அடுத்த வசவை வாயிலேயே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து மாவைப் பொறுக்கினாள். நான் இறங்கிப் போய் அவளோடு சேர்ந்து பொறுக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

“மொத நாளே கேட்டுச்சு,” என்றார். “நீ மிதிச்ச ஒடனே ஒரு மூச்சு விட்டுப் போகுது. அப்புறந்தான் அணையுது. ஒன் கால் மேல தப்பில்லன்னு மொத நாளே தெரியும்.”

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவரை நீ என்று சொன்னதில்லை.

“ரெண்டு தடவ பெயிலானேன். ராத்திரி கட்டில்ல ஒக்காந்து இந்தக் கால நான் அறைஞ்சுக்கிட்டேன். நீ பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்த.”

“சாவியக் குடுத்துட்டா அப்புறம் நான் யாரு, யமீனா?”

“பின்னாடி சீட்டுல முட்டி போட்டு நிக்கறாளே, அவளுக்கு அப்பன். அது பத்தாதா ஒனக்கு?”

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஊரில் ஏற்றத்தில் ஒருவன் நின்றால் பின்னால் நிற்கிறவனுக்கெல்லாம் உயிர் போகிற அவசரம் வந்துவிடும். அவர் கதவைத் திறந்து இறங்கினார். பேனட்டில் கையை ஊன்றிக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார்.

லைசன்ஸ் இல்லாதவள் அந்த ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். நான் அன்றுவரை தொட்டதில்லை. ஒருநாள் தொட்டிருந்தாலும் என் காலைப் பற்றி எனக்கு உண்மை தெரிந்திருக்கும். அதற்காகவும்தான் அந்தச் சட்டம் என்று இப்போது புரிந்தது. கோபம் கொதித்தது. இறங்கிச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் ஐந்தாறு வண்டி, முன்னால் செங்குத்தான ஏற்றம். கிளட்சை விட்டேன், மூக்கு தூக்கியது. முட்டையை மிதித்தேன்.

ஒரு நடுக்கமும் இல்லை. வண்டி பூப்போல ஏறியது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, சத்தம் போட்டுக் குலவையிட வேண்டும் போலவும் இருந்தது. அவர் தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். வண்டியையா காலையா என்று நான் கேட்கவில்லை.

தேர்வு வரும்வரை நாங்கள் மூவரும் பாலத்தில் நடந்தோம். காற்று பாவாடையைப் பிடித்து இழுக்கும். நான் அவரோடு பேசவில்லை. லீனா நடுவில் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து எனக்கும் சேதி சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் சாப்பிடாமல் இருந்த பழைய கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. லீனாவின் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டு நடந்தார்.

லக்தர் புது சென்சார் போட்டிருந்தான். தேர்வன்று பெல்வியூ ஏற்றத்தில் நான் முட்டையை மிதித்தேன், வண்டி போனது, அதிகாரியின் பேனா சும்மா இருந்தது. பயந்த காலுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஒரே ஸ்கூல் நம்முடையதுதான் என்று லக்தர் அன்றைக்கே எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போனபோது சாவி சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு ஜவ்ஸியா. இந்தத் தடவை அதைத் தின்ன எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

முதல் காலை. நான் ஸ்டீயரிங்கில், அவர் என் பக்கத்தில், லீனா பின்னால். அவர் கை பழக்கத்தில் கியரைத் தேடிப் போய், என் கைமேல் பட்டதும் பின்வாங்கியது. பாலம் தாண்டி சந்தை முக்கு வந்தது. பின் சீட்டில் முட்டி போட்டு எழுந்து நின்றாள் அவள்.

“இடது பக்கம் ஒரு தாத்தா, கைல ரொட்டி. வலது பக்கம் ரெண்டு பூனை.”

“ஒக்காருடி,” என்றேன். “இனிமே சொல்ல வேணாம். எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுது.”

“ஒனக்கு இல்லம்மா,” என்றாள் லீனா. “அப்பாவுக்குச் சொல்றேன்.”

தெரியுது, தெரியுது என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

“அப்புறம்?” என்று கேட்டார்.